கை சொன்னபடி கேட்காதவருக்கு எந்த மவுஸ்?

கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய், "எங்க பெரியப்பாவுக்குக் கை சரியா வராது, அவருக்கு ஏத்த மாதிரி ஒரு மவுஸ் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் தங்கமான மனிதராகத்தான் இருப்பார். ஆனால் பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். "சின்னதா, லைட்டா ஒண்ணு தர்றேன் சார், கைக்குச் சிரமமே இருக்காது." அல்லது, "செங்குத்தா நிக்கிற எர்கோ மவுஸ் வந்திருக்கு, இப்ப எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க." அதுவும் இல்லையென்றால், "கேமிங் மவுஸ் எடுத்துக்குங்க சார், 16,000 டிபிஐ, தொட்டாலே வழுக்கிக்கிட்டு ஓடும்."

மூன்றும் நல்ல பொருள்கள்தான். ஆனால் பெரியப்பாவின் கை நடுங்குகிற கையாக இருந்தால் முதலாவது தொல்லை. லேசான மவுஸ், நடுக்கத்தோடு சேர்ந்து தானும் ஆடும். செங்குத்து மவுஸ் மணிக்கட்டு வலிக்காக வந்த வடிவம். கையைக் குலுக்குவதுபோல் பக்கவாட்டில் வைத்துக்கொள்வதால் முன்கை முறுக்காமல் இருக்கும், அவ்வளவுதான். அதில் பொத்தானைப் பக்கவாட்டில் அழுத்த வேண்டியிருப்பதால், பிடி பலமில்லாதவர் அழுத்தும்போது மவுஸே நகர்ந்துவிடும். கேமிங் மவுஸின் வேகத்தைக் குறைக்கத் தெரியாவிட்டால் அது நடுக்கத்தைப் பல மடங்காக்கித் திரையில் காட்டும்.

நடுக்கம் உள்ளவர், பக்கவாதம் வந்து விரல் மடங்கிப்போனவர், தசை பலமிழந்தவர், தென்னை மரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே உணர்வு குறைந்தவர் என எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு, 'கை முடியாதவருக்கு ஒரு மவுஸ்' என்று தேடுவதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். அப்படி ஒரு மவுஸ் இல்லை. ஒருவருக்கு வரமாக அமைவது இன்னொருவருக்குத் தண்டனையாகிவிடும்.

ஒரு மவுஸுக்குள் நாலு வேலை

மார்கழி மாதம் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவரின் கையைக் கவனியுங்கள். கை ஒரு புள்ளியிலிருந்து அடுத்த இடத்துக்கு நகர்கிறது. சரியான இடம் வந்ததும் நிற்கிறது. விரலிடுக்கிலிருந்து மாவு விழுகிற அந்தக் கணத்தில் அசையாமல் இருக்கிறது. அசைந்தால் புள்ளி இழுபட்டுக் கோடாகிவிடும். புள்ளியெல்லாம் வைத்து முடித்த பிறகு, மாவை விட்டுக்கொண்டே கை நகர்கிறது. அது இழை.

மவுஸும் இதே நாலைத்தான் கேட்கிறது. திரையில் உள்ள அம்புக்குறியை நகர்த்துவது முதல் வேலை. வேண்டிய இடத்தில் நிறுத்துவது இரண்டாவது. நிறுத்திய இடத்திலேயே அசையாமல் பொத்தானை அழுத்துவது மூன்றாவது, அதாவது கிளிக். அழுத்தியபடியே நகர்த்துவது நாலாவது. இதை இழுத்தல் என்று வைத்துக்கொள்வோம். டபுள் கிளிக் என்பது மூன்றாவது வேலையை ஒரே இடத்தில், விண்டோஸின் வழக்கமான அமைப்பில் அரை விநாடிக்குள், இரண்டு முறை செய்வது. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் கொடுமையான எதிர்பார்ப்புதான்.

கை நன்றாக இருப்பவருக்கு இந்த நாலும் ஒன்றாகக் கலந்து நடப்பதால் தனித்தனி வேலை என்றே தெரியாது. கை முடியாதவருக்கும் தெரியாது. அவர் "இந்த மவுஸ் சரியில்லப்பா" என்று மட்டும் சொல்வார்.

பாபநாசம் பக்கம் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவின் புகார் இன்னும் வேடிக்கை. "வச்ச ஃபைல் வச்ச இடத்துல இருக்க மாட்டேங்குது" என்பார். வீட்டில் எல்லாரும் வைரஸ் என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது விஷயம் தெரிந்தது. அம்புக்குறியைச் சரியாகத்தான் கொண்டுபோகிறார், சரியாகத்தான் நிறுத்துகிறார். பொத்தானை அழுத்த விரலை இறக்கும்போது கை முழுவதும் சேர்ந்து கீழே இறங்கி, மவுஸ் அரை அங்குலம் அவரை நோக்கி வழுக்குகிறது. கம்ப்யூட்டருக்கு அது 'இழுத்தல்'. சிட்டா நகலை அப்படியே தூக்கிக் கீழே இருந்த கல்யாணப் படங்கள் ஃபோல்டருக்குள் போட்டுவிடுகிறது. அவருடைய முதல் இரண்டு வேலைகளில் குறையே இல்லை. கெட்டுப்போனது மூன்றாவது மட்டும். அவருக்கு வேகம் குறைந்த மவுஸோ பெரிய மவுஸோ வாங்கித் தந்திருந்தால் அந்தக் காசு வீண்.

பெயிண்டில் போட்டுப் பார்க்கும் சோதனை

நாலில் எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும், படம் வரையும் பெயிண்ட் மென்பொருளே போதும். பிரஷ்ஷைக் கொஞ்சம் தடிமனாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிறம் கறுப்பு. இரண்டாவது நிறம் வழக்கமாக வெள்ளையாக இருக்கும். அதைச் சிவப்பாக மாற்றிவிடுங்கள். பெயிண்டில் இடது பொத்தான் முதல் நிறத்திலும் வலது பொத்தான் இரண்டாவது நிறத்திலும் வரையும் என்பதால், இந்தச் சிவப்பு நமக்கு ஒரு உளவாளி.

இப்போது நீங்கள் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது சிறு வட்டங்கள் வரைந்து கொடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு கிளிக் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் புள்ளிகளைக் கோடு இழுத்து இணைக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்த வேண்டாம், பக்கத்தில் நின்று "இங்க, இங்க" என்று சொல்லவும் வேண்டாம்.

திரையில் விழுவதை இப்படிப் படியுங்கள். புள்ளிகள் வட்டத்துக்கு வெளியே சிதறினால் நிறுத்துவதில் கோளாறு. வட்டத்துக்குள் விழுந்தாலும் வால் முளைத்திருந்தால் அழுத்துவதில் கோளாறு. வால் எப்போதும் கீழ்நோக்கியே இருந்தால் கையின் எடை இறங்குகிறது என்று அர்த்தம். ஒரே இடத்தில் கொத்தாக நாலைந்து புள்ளி இருந்தால் விரல் துடிப்பில் பொத்தான் பலமுறை அழுந்துகிறது. சிவப்புப் புள்ளி தெரிந்தால் விரல்கள் தனித்தனியாகப் பிரியாமல் வலது பொத்தானையும் சேர்த்து அமுக்குகின்றன. புள்ளியெல்லாம் சுத்தமாக இருந்து கோடு மட்டும் பாதியில் அறுந்து அறுந்து போனால், பொத்தானைத் தொடர்ந்து பிடித்திருக்கும் பலம் இல்லை. ஒரு வட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகவே மவுஸை மூன்று நாலு தடவை தூக்கித் தூக்கி வைக்கிறாரென்றால் நகர்த்துவதிலேயே சிக்கல்.

பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஒரு தடவையும், அதன் வேகம் தணிந்த நேரத்தில் ஒரு தடவையும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கைகள் மாதிரி இருக்கும். மோசமான நேரத்துக் கைக்குத்தான் மவுஸ் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: நகர்த்தல், நிறுத்தல், அழுத்தல், இழுத்தல் என்று வேலை நாலு. எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

மவுஸின் வயிற்றில் என்ன நடக்கிறது

இன்றைய மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தால் சின்ன விளக்கும் அதன் பக்கத்தில் ஒரு துளையும் தெரியும். துளைக்குள் இருப்பது குட்டி கேமரா. அது மேசையின் மேற்பரப்பை விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை படம் பிடித்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. தான் மேசையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது மவுஸுக்குத் தெரியாது. எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும்தான் தெரியும். நகர்த்தியது நீங்களா, உங்கள் நடுக்கமா என்பதும் தெரியாது.

கடைக்காரர் சொன்ன டிபிஐ இங்கேதான் வருகிறது. மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை எண்ணிக்கையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் என்பதே டிபிஐ. 800 டிபிஐ என்றால் அங்குலத்துக்கு 800 எண்ணிக்கை. விண்டோஸில் வேகத்தை நடுவில் வைத்து, முடுக்கத்தை (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) அணைத்திருந்தால், ஓர் எண்ணிக்கைக்கு அம்புக்குறி ஒரு பிக்சல் நகரும். பிக்சல் என்பது திரையை நிரப்பியிருக்கும் மிகச் சிறிய புள்ளி.

ஒரு கணக்குப் போடுவோம். கை இரண்டு மில்லிமீட்டர் நடுங்குகிறது என்று வையுங்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது பெரிய நடுக்கமே இல்லை. 800 டிபிஐ மவுஸில் அது திரையில் ஏறக்குறைய 63 பிக்சல். இணைய விண்ணப்பங்களில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் போடும் சின்னச் சதுரம், பிரவுசரின் வழக்கமான அளவில் 13 பிக்சல்தான். பயிர்க் காப்பீட்டு விண்ணப்பமோ வங்கிப் பக்கமோ திறந்துவைத்துக்கொண்டு அந்தச் சதுரத்தைத் துரத்தித் துரத்தி ஒருவர் வெறுத்துப்போவது ஏன் என்று இப்போது புரியும். கேமிங் மவுஸை 3,200-இல் ஓட்டினால் அதே நடுக்கம் 250 பிக்சல். 400-க்குக் குறைத்தால் 31.

அப்படியானால் எல்லாருக்கும் 400 வைத்துவிடலாமே என்று தோன்றும். வைக்கக் கூடாது.

நடுக்கத்துக்கு ஒரு திசை, பலவீனத்துக்கு எதிர்த் திசை

சாதாரணமான 1920 பிக்சல் அகலத் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக, 800 டிபிஐ மவுஸை 2.4 அங்குலம் நகர்த்த வேண்டும். 400-இல் அது 4.8 அங்குலம். நடுக்கம் உள்ளவருக்குத் தோள் நன்றாக இருக்கிறது, கை வீச முடிகிறது, அவருக்கு இது பிரச்சினை இல்லை. ஆனால் தசைச் சிதைவு நோய் உள்ள ஒரு மன்னார்குடிக் கல்லூரி மாணவரை நினைத்துப் பாருங்கள். அவர் விரல் துல்லியமாக நிற்கும், நடுங்காது. ஆனால் மொத்த அசைவே ஒரு சென்டிமீட்டர்தான். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் திரை முழுவதையும் கடக்க ஏறக்குறைய 4,900 டிபிஐ வேண்டும். கடைக்காரர் எடுத்துக் காட்டிய கேமிங் மவுஸ் இவருக்கு அருமையான மவுஸ். நம் பெரியப்பாவுக்குக் காட்டியதில்தான் தவறு.

நடுக்கத்திலும் வகை உண்டு. பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது அதிகம் தெரியும். வேலையில் இறங்கினால் பெரும்பாலும் தணியும், ஆனால் அசைவு மெதுவாகவும் சிறியதாகவும் சுருங்கிப்போகும். எசென்ஷியல் ட்ரெமர் எனப்படும் நடுக்கம் நேர்மாறு. கை சும்மா இருந்தால் அமைதி, தம்ளரைத் தூக்கினால் ஆட்டம். சிறுமூளை பாதிப்பால் வரும் நடுக்கம் இலக்கை நெருங்க நெருங்கக் கூடும்; பொத்தானுக்குப் பக்கத்தில் போகிற வரைக்கும் ஒழுங்காகப் போய், கடைசி அங்குலத்தில் தாறுமாறாக ஆடும். முதல் வகைக்காரரின் வேகத்தை ரொம்பக் குறைத்துவிட்டால், சுருங்கிய அசைவில் அவர் திரையின் பாதியைக்கூடக் கடக்க மாட்டார். ஊரில் எல்லாவற்றையும் 'வயசான நடுக்கம்' என்று ஒரே பெயரில் விட்டுவிடுகிறோம். நடுக்கம் புதிதாக வந்திருந்தால் மவுஸுக்கு முன்னால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இனி முடுக்கம். மவுஸை வேகமாக வீசினால் அம்புக்குறி அதிக தூரமும், மெதுவாக நகர்த்தினால் குறைந்த தூரமும் போகும்படி விண்டோஸ் செய்யும் ஏற்பாடு இது. அங்கே அதன் பெயர் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்'. துல்லியத்தைக் கூட்டும் என்று பெயர் சொன்னாலும், பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கு வருவதுபோல் கை திடீரென வெட்டி இழுத்தால், அந்த ஒரு வெட்டில் அம்புக்குறி திரையின் மூலைக்குப் பறந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு இதை அணைத்துவிடுங்கள். லேசான நடுக்கம் மட்டும் உள்ளவருக்கு இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்து, எது தோது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

காசு செலவில்லாத மருந்துகள்

பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் சொன்னது இன்றைக்கும் மவுஸ் உலகின் அடிப்படை விதி. ஓர் இலக்கைத் தொட எடுக்கும் நேரம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. மவுஸை மாற்றாமலே இலக்கைப் பெரிதாக்கலாம் அல்லவா? டிஸ்ப்ளே அமைப்பில் 'ஸ்கேல்' 100 சதவீதத்தில் இருந்தால் 150 ஆக்குங்கள். பிரவுசரில் கன்ட்ரோலும் கூட்டல் குறியும் சேர்த்து அழுத்தினால் பக்கம் பெரிதாகும், அந்த 13 பிக்சல் சதுரமும் சேர்ந்து பெரிதாகும். நடுக்கம் உள்ள பலருக்கு இதுவே பாதி வியாதியைத் தீர்த்துவிடும். எனக்குக் கேட்டால், மவுஸ் வாங்குவதற்கு முன் எல்லாரும் செய்ய வேண்டியது இதுதான்.

மவுஸ் அமைப்புகளுக்குள் 'அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ்' என்று ஒரு பழைய ஜன்னல் திறக்கும். டபுள் கிளிக்குக்குத் தரும் நேரத்தை அங்கே கூட்டலாம். 'கிளிக்லாக்' என்பதும் அங்கேதான். அதை இயக்கிவிட்டால், பொத்தானைச் சற்று நேரம் அழுத்தி விட்டாலே பிடித்திருப்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். விரலை எடுத்துவிட்டு நிதானமாக இழுத்துப் போய், இன்னொரு கிளிக்கில் விடலாம். கோடு அறுந்து அறுந்து போனவருக்கு இது மருந்து. டபுள் கிளிக்கே வராதவர் ஒரு கிளிக்கில் ஃபைலைத் தேர்ந்து என்டர் தட்டிக்கொள்ளலாம்.

நடுக்கத்தை வடிகட்டும் மென்பொருள்களும் உண்டு. விண்டோஸுக்கு ஸ்டெடிமவுஸ் என்பது அப்படி ஒன்று. நடுக்கம் விநாடிக்கு நாலு முதல் பன்னிரண்டு தடவை வரை ஆடும் வேகமான ஆட்டம். நாமாக நகர்த்தும் அசைவு அதைவிட மெதுவானது. வேகமான ஆட்டங்களைச் சராசரி எடுத்து அடக்கிவிட்டு மெதுவான போக்கை மட்டும் அம்புக்குறிக்குத் தருவதுதான் இவற்றின் நுட்பம். அதற்கு விலையாக அம்புக்குறி கொஞ்சம் பின்தங்கி வரும்.

மவுஸையே விட்டுவிடும் வழியும் விண்டோஸுக்குள் இருக்கிறது. அதற்கு மவுஸ் கீஸ் என்று பெயர். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கீபோர்டின் வலது ஓரத்து எண் பலகை மவுஸாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம். 5 அழுத்தினால் கிளிக், கூட்டல் குறி அழுத்தினால் டபுள் கிளிக், பூஜ்யம் அழுத்தினால் பொத்தான் பிடிபடும், புள்ளி அழுத்தினால் விடுபடும். மூன்று விசையையும் ஒரே கையால் அமுக்க முடியாதவருக்கு அக்சசிபிலிட்டி பகுதியிலிருந்தே இயக்கிக் கொடுத்துவிடலாம். இது ஆமை வேகம்தான். ஆனால் நடுக்கம் அம்புக்குறிக்குப் போய்ச் சேரவே வழியில்லை, விரலை எடுத்தால் குறி அங்கேயே நிற்கும். அரசு தந்த மடிக்கணினி போன்றவற்றில் எண் பலகை இல்லையென்றால் தனி யூஎஸ்பி எண் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

பந்து மவுஸ்: எது பிரிகிறது என்பதே சூட்சுமம்

டிராக்பால் என்பது, அடியில் பந்து இருந்த பழைய மவுஸைக் கவிழ்த்துப் போட்டது என்று சொல்லலாம். உடல் மேசையில் அசையாமல் இருக்க, மேலே உள்ள பந்தை மட்டும் உருட்டுகிறோம். சொல்லப்போனால் இது மவுஸுக்கு அண்ணன். கனடாக் கடற்படைக்காக 1952-இல் ஒரு பவுலிங் பந்தை வைத்தே ஒரு டிராக்பாலைச் செய்துவிட்டார்கள். டக்ளஸ் எங்கல்பார்ட்டின் மர மவுஸ் உருவானது 1964-இல்.

நம் ஆட்களுக்கு இது ஏன் உதவுகிறது? சாதாரண மவுஸில் நகர்த்துவதும் அழுத்துவதும் ஒரே பொருளின் மேல் நடக்கின்றன. அழுத்தினால் அசையும். டிராக்பாலில் பந்து வேறு, பொத்தான் வேறு. பந்தை உருட்டி அம்புக்குறியை நிறுத்திவிட்டு, கையை முழுக்க எடுத்து, மூச்சு விட்டுக்கொண்டு, பிறகு பொத்தானை அழுத்தலாம். கையை எடுத்த நேரத்தில் குறி எங்கும் போகாது. இரண்டாவது வேலையும் மூன்றாவது வேலையும் பிரிந்துவிடுகின்றன. வால் முளைத்த புள்ளிக்கு இது நேரடி வைத்தியம்.

ஆனால் எல்லா டிராக்பாலும் ஒன்றில்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடைகளிலும் இணையத்திலும் எளிதாகக் கிடைப்பவை கட்டைவிரலால் உருட்டும் வகை; பந்தின் குறுக்களவு 34 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதற்குக் கட்டைவிரல் மற்ற விரல்களிலிருந்து தனியாக, நுணுக்கமாக அசைய வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு முதலில் போவதும் கடைசியில் வருவதும் பெரும்பாலும் அந்த நுணுக்கம்தான். மேலும் அந்த வகை பெரும்பாலும் வலது கைக்கு வார்த்த வடிவம்; வலது பக்கம் விழுந்து இடது கைக்கு மாறியவருக்கு ஆகாது. நமக்கு வேண்டியது பந்து நடுவில் இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான வகை. 55 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பந்து பெரிதாக இருந்தால் விரலே தேவையில்லை. உள்ளங்கையால், மடக்கிய முஷ்டியின் பக்கவாட்டால், முழங்கையால், தரையில் வைத்துக் கால் பெருவிரலால்கூட உருட்டலாம்.

பந்து எவ்வளவு வழுவழுப்பாகச் சுற்றுகிறது என்றும் பாருங்கள். நடுக்கம் உள்ளவருக்குக் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றுவது நல்லது, பலமில்லாதவருக்கு லேசாகச் சுற்றுவது நல்லது. பந்தை எடுத்துப் பார்த்தால் அது உட்காரும் குழியில் மூன்று சிறு மணிகள் இருக்கும். உள்ளங்கை வியர்வையும் தூசியும் அதில் அப்பிக்கொள்ளும். நம் ஊர் புழுக்கத்துக்கு வாரம் ஒருமுறை துணியால் துடைக்காவிட்டால் பந்து திக்கித் திக்கி ஓடும்.

ஜாய்ஸ்டிக், டச்பேட்

மவுஸும் டிராக்பாலும், கை எவ்வளவு நகர்ந்ததோ அதற்கேற்ப அம்புக்குறியை நகர்த்துபவை. ஜாய்ஸ்டிக் வேறு தத்துவம். குச்சியைச் சாய்த்தால் குறி அந்தத் திசையில் ஓடத் தொடங்கும். விட்டால் குச்சி நடுவுக்கு வந்து குறி நின்றுவிடும். அதிகம் சாய்த்தால் அதிக வேகம். ஆக, கை செய்ய வேண்டியது ஒரு சிறு சாய்ப்பு மட்டும், தூரத்தைக் குச்சி பார்த்துக்கொள்ளும். மின்சாரச் சக்கர நாற்காலியை ஏற்கெனவே குச்சியால் ஓட்டுகிறவருக்கு இது உடனே பழகிவிடும். இலக்கைத் தாண்டி ஓடிவிடுவதுதான் இதன் குறை. வேகத்தைக் குறைத்து வைத்தால் ஓரளவு அடங்கும். குச்சியின் தலையில் பந்து, டி வடிவப் பிடி என்று மாட்டிக்கொள்ளும் மாதிரிகள் மூடிய கைக்கு உதவும்.

மடிக்கணினியின் டச்பேட் பலமில்லாத, ஆனால் நடுங்காத விரலுக்குப் பிரமாதம். அழுத்தமே வேண்டாம். நடுங்கும் விரலுக்கு அது நரகம், ஒவ்வொரு துடிப்பும் ஒரு தட்டலாகப் பதிவாகும். வேறு வழியே இல்லையென்றால், தட்டினாலே கிளிக் ஆகும் 'டேப் டு கிளிக்' அமைப்பையாவது அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது மவுஸ் என்ற எளிய தந்திரம்

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மவுஸை மாட்டினால் இரண்டும் ஒரே அம்புக்குறியை ஓட்டும். பலருக்கு இது தெரியாது. இதை வைத்து மூன்றாவது வேலையை முழுசாக வேறு கைக்கு மாற்றிவிடலாம். இருப்பதிலேயே மலிவான ஒரு மவுஸை வாங்கி, அதன் அடியில் உள்ள துளையின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள். கேமராவுக்குக் கண் மறைந்துவிட்டதால் அதை எப்படி அசைத்தாலும் குறி நகராது, பொத்தான்கள் மட்டும் வேலை செய்யும். அடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு மேசையில் அசையாமல் பதித்துவிட்டால், வலது கை நகர்த்த, இடது கை அழுத்தும். பெரியப்பாவுக்கு நாங்கள் செய்தது இதுதான். சிட்டா அதற்குப் பிறகு கல்யாணத்துக்குப் போவதில்லை.

இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கிச் சிவப்புப் புள்ளி வைத்தவருக்கு, அந்த மவுஸின் வலது பொத்தானில் கைபடாதபடி மேலே ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பாலம்போல் ஒட்டிவிடலாம்.

இதையே கடையில் செய்து விற்கும் வடிவம்தான் எபிலிட்டி சுவிட்ச். உள்ளங்கை அளவுக்குப் பெரிய ஒற்றைப் பொத்தான், தட்டினால் போதும். பெரும்பாலானவை பழைய இயர்போன் போல 3.5 மில்லிமீட்டர் பின் கொண்டவை. சில டிராக்பால்களிலும் ஜாய்ஸ்டிக்குகளிலும் அந்தப் பின்னைச் செருகும் துளை இருக்கும். அதைத் தலையின் பக்கத்திலோ முழங்கால் அருகிலோ வைத்துக்கொள்ளலாம்.

அழுத்தவே முடியாதவருக்கு 'நின்றால் கிளிக்' என்ற வழி இருக்கிறது. அம்புக்குறி ஓரிடத்தில் குறித்த நேரம் நின்றால் கம்ப்யூட்டர் தானே கிளிக் செய்துகொள்ளும். மேக்கிலும், லினக்ஸின் க்னோம் திரையிலும், மவுஸ் மாட்டிய ஆண்ட்ராய்டு போனிலும் இது உள்ளேயே இருக்கிறது. விண்டோஸுக்குத் தனி மென்பொருள் போட வேண்டும். நிறுத்த முடிகிறவருக்குத்தான் இது உதவும். நடுக்கம் ஓயாதவருக்குக் குறி நிற்கவே நிற்காது.

சுருக்கம்: வால் முளைத்த புள்ளிக்கு நடுப்பந்து டிராக்பால் அல்லது இரண்டாவது மவுஸ். சிதறும் புள்ளிக்கு வேகக் குறைப்பு, பெரிய திரை எழுத்து, மவுஸ் கீஸ். அசைவு சின்னதாகிப் போனவருக்கு வேகக் கூட்டல், டச்பேட், ஜாய்ஸ்டிக்.

கை அறவே வராவிட்டால்

மடிக்கணினியின் கேமராவே முகத்தைப் பார்த்து, தலை திரும்பும் பக்கம் குறியை நகர்த்தும். பாஸ்டன் கல்லூரியில் உருவான 'கேமரா மவுஸ்' இதற்கான இலவச மென்பொருள். மேக்கில் இந்த வசதி உள்ளேயே உண்டு. கண்ணசைவால் இயக்கும் வசதி விண்டோஸில் 2017 முதல் இருக்கிறது, அதற்குத் தனிக் கண்காணிப்புக் கருவி வேண்டும், விலையும் அதிகம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்து கழுத்து எலும்பில் அடிபட்டவர்களுக்கு, தலை நன்றாகத் திரும்புமானால், முதலில் காசில்லாத கேமரா வழியைப் பார்த்துவிடுவது நல்லது.

மேசையும் மணைப் பலகையும்

சாய்வு நாற்காலியில் படுத்த வாக்கில் உட்கார்ந்து, பக்கத்து ஸ்டூலில் மவுஸை வைத்துக்கொண்டு, கை அந்தரத்தில் தொங்க வேலை செய்தால் எந்த மவுஸும் நிற்காது. தோளும் முழங்கையும் தாங்கப்பட்டால்தான் விரல் அடங்கும். கால் தரையில் ஊன்ற வேண்டும், முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும், முன்கை முழுவதும் எதன் மேலாவது படுத்திருக்க வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலியின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்தால் போதும்; பரணில் கிடக்கும் மணைப் பலகை அளவாக இருந்தால் அதுவே சரி. அதன் மேல் கொஞ்சம் சொரசொரப்பான துணி மவுஸ்பேட் போட்டால் வழுக்கலும் குறையும்.

வாங்கப் போகும்போது

பெரிய பந்து டிராக்பாலும் ஜாய்ஸ்டிக்கும் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இருக்காது, வரவழைக்க வேண்டும், விலையும் ஆயிரங்களில் போகும். திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள். அதற்கு முன்னால் அரசு மருத்துவமனையிலோ மறுவாழ்வு மையத்திலோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருந்தால், பெயிண்டில் போட்ட புள்ளிகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்குவதுதான் அவர்கள் தொழில், படத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பார்க்கின்சன், பெருமூளை வாதம், தசைச் சிதைவு ஆகியவையும் உண்டு. தனித்துவ அடையாள அட்டை இன்னும் எடுக்காதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. உதவி உபகரணத் திட்டங்களைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம்.

புதுசு வந்ததும் பழைய மவுஸைக் கழற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே மாட்டியிருக்கட்டும். டிராக்பால் கைக்குப் படியச் சில நாளாகும், அதற்குள் வங்கிப் பக்கம் ஓடிபி கேட்டு நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருக்கும் பேத்தி பழைய மவுஸில் அந்த ஒரு கிளிக்கை மட்டும் செய்து கொடுத்துவிடலாம், தாத்தா பந்திலிருந்து கையை எடுக்க வேண்டியதே இல்லை.